திரும்பப் பெறாதவை

டர்பன், ப்ளஃப் குன்றின் முனை,
கிட்டங்கி எண் நான்கு.
கூரைத் தகரத்தில் குரங்குகள் ஓடும்.
கீழே துறைமுகத்தில் கப்பல் கனைக்கும்.
கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நான்,
பதினோரு வருடமாக.

காலணி, இரண்டு ஜோடி. திரும்பப் பெறுவது.
கம்பளி, ஒன்று. திரும்பப் பெறுவது.
காலுறை, ஆறு ஜோடி. திரும்பப் பெறாதது;
ஒருவன் வேர்த்ததை இன்னொருவன் போடுவானா?
செவி, இடது, ஒன்று.
திரும்பப் பெறுவது.

செவிகள் வந்திறங்கிய வாரம்
எந்தத் தட்டில் அடுக்குவதென்று விளங்கவில்லை.
பொத்தான்களுக்கும் பூட்டுகளுக்கும் நடுவே இடம் இருந்தது.
பாசிப்பயறு அளவுதான்.
உறைக்கு ஒன்று, உறைமேல் எண்.
வாங்கிக்கொண்டு நடைபாதையைக் கடந்து
மருத்துவர் அறைக்குள் போவார்கள்.
அரை மணியில் காதில் பஞ்சோடு வருவார்கள்,
தலையை ஒருபக்கம் சாய்த்து,
கடலில் குளித்து வந்தவர்கள் மாதிரி.

யுகேந்திரன் படையாச்சி அந்த வரிசையில் மூன்றாவது.
"பேரிலேயே படை வைத்திருக்கிறாய்,
உள்ளே வேறு ஒன்று எதற்கு?" என்றேன்.
"பேருக்குச் சம்பளம் தரமாட்டார்களே, ஆன்ட்டி."
கையெழுத்துப் போட்டான்.
கட்டத்துக்கு வெளியே வால் நீண்ட கையெழுத்து.

ஏழு வருடம்.
வடக்கு எல்லை, பிறகு வேறொரு எல்லை,
பிறகு விடுவிப்புத் தாள்.
இப்போது சாட்ஸ்வர்த்தில் ரொட்டி வண்டி ஓட்டுகிறான்.

போன செவ்வாய் வந்தான்.
எட்டாக மடித்த ரசீதை வலைக்கு அடியில் தள்ளினான்.
மடிப்புகளில் என் எழுத்து வெளுத்திருந்தது.
"இதை எடுத்துக்கொள்ளுங்கள்.
தினமும் விடிகாலை நாலு பத்துக்குக் கூப்பிடுகிறது.
என் எண்ணைச் சொல்கிறது. நலமா என்கிறது.
பதில் வரும்வரை விடுவதில்லை.
குளியலறைக்குப் போய், தண்ணீரைத் திறந்துவிட்டு
ஆஜர் சொல்கிறேன்.
பள்ளிக்கூடத்தில்கூட இத்தனை ஒழுங்காகச் சொன்னதில்லை."

அவன் படைப்பிரிவைக் கலைத்தே மூன்று வருடம்.
கூப்பிடுவது யார்?
எங்கோ ஒரு அறையில்
போதும், வீட்டுக்குப் போ என்று
யாரும் சொல்ல மறந்த இயந்திரமாக இருக்கலாம்.
எனக்குத் தெரியாது. என் வேலை தட்டும் எண்ணும்.

பேரேட்டைப் புரட்டினேன்.
பிரிட்டோரியாவிலிருந்து வந்த சுற்றறிக்கை ஒட்டியிருந்தது:
தயாரித்த கம்பெனி மூடப்பட்டுவிட்டபடியால்
செவி, இடது, இனிமேல்
திரும்பப் பெறாதவை பட்டியலில்.
காலுறைக்கு அடுத்த வரி.

"நீயே வைத்துக்கொள்ளலாம்," என்றேன்,
என்னவோ என் கையால் பரிசு கொடுப்பது போல.

சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை.
இடது கன்னத்தை வலைமேல் வைத்து அழுத்தினான்.
"அப்படியானால் நீங்களே அதனிடம் சொல்லுங்கள்."

வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள்.
தொண்டையைச் செருமினேன்.
தொலைபேசிக்கு வைத்திருக்கும் குரலில் சொன்னேன்:
கிட்டங்கி எண் நான்கு பேசுகிறேன்.
படையாச்சி, ஒன்பது ஏழு இரண்டு ஆறு,
எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டார்.
பாக்கி எதுவும் இல்லை.
இனிக் கூப்பிட வேண்டாம்.

கப்பல் ஒன்று கனைத்தது.
கூரையில் குரங்கொன்று எதையோ உருட்டியது.

"கேட்டதா?"
"உங்கள் குரல் கேட்டது. ரொம்பச் சத்தமாக."
கன்னத்தில் கம்பியின் கட்டங்கள்.
போகும்போது ஒரு ரொட்டியை உள்ளே தள்ளினான்,
இன்னும் சூடாக.
அதை வரவு வைக்கப் படிவம் கிடையாது.

அடுத்தவள் நொம்புலேலோ, பத்தொன்பது வயது.
கண்ணுக்காக வந்திருந்தாள்: வலது, ஒன்று.
"வலிக்குமா?" என்றாள்.
பிறகு, படிவத்தைப் படித்தபடியே,
"இதைத் திருப்பித் தரவேண்டியிருக்குமா?"

கயிற்றில் கட்டிய பேனாவை நீட்டினேன்.
கயிறு கொஞ்சம் எட்டவில்லை.
அவள்தான் குனிந்து
பக்கத்தில் வந்தாள்.